வேலை தெரியாத புரதங்கள்: நம்ம ஊர் மாணவரின் லேப்டாப்புக்கு ஒரு நல்ல வேலை இருக்கு!

நாமக்கல் மாவட்டம், பேளுக்குறிச்சி. கொல்லிமலை அடிவாரத்து ஊர். மிளகு, மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் என்று வீட்டுக்குத் தேவையான மளிகையை மொத்தமாக வாங்கிப்போக வெளியூர்க்காரர்களும் தேடி வரும் சந்தைதான் இந்த ஊரின் அடையாளம். அந்தச் சந்தையில் அடுக்கிவைத்த சரக்குக்கு நடுவே, பெயர் எழுதாத ஒரு மூட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் ஏதோ ஒரு வேர். அது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அனுபவப்பட்ட வியாபாரி முதலில் அது தனக்குத் தெரிந்த எந்த வேரின் ஜாடையில் இருக்கிறது என்று பார்ப்பார். அப்புறம் உடைத்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். எந்தச் சரக்கோடு சேர்ந்து வண்டியில் வந்தது என்றும் விசாரிப்பார். கடைசியில், "இது இன்னதாத்தான் இருக்கும்" என்பார். பல நேரம் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பி யாரும் கஷாயம் வைத்துக் குடிக்க மாட்டார்கள், இல்லையா?

மனித உடம்புக்குள்ளும் இப்படிப் பெயர் எழுதாத மூட்டைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தேவையான டேட்டாபேஸ்கள் எல்லாம் இலவசம். ஒரு லேப்டாப்பும் ஓரளவு இன்டர்நெட்டும் போதும். ஆனால், நம்ம ஊர் கல்லூரிகளில் இந்த வேலையைப் பெரிதாக யாரும் கையில் எடுப்பதில்லை. எடுக்கும் இடங்களில் 'இருக்கும்' என்பதை 'இருக்கு' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே சிக்கல்தான்.

அட்ரஸ் இருக்கு, வேலை தெரியல

மனித ஜீனோமின் முதல் வரைவு 2001-ல் வெளியானது. புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் நம்மிடம் சுமார் 20,000 இருக்கின்றன. பட்டியல் கைக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனாலும் உடம்பில் இருப்பது உறுதியான புரதங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டவை என்ன வேலை செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

பெயர்களைப் பார்த்தாலே இது புரியும். இன்சுலின், ஹீமோகுளோபின் என்பவை வேலை தெரிந்து வைத்த பெயர்கள். மற்றவற்றுக்கு 'சி9ஓஆர்எஃப்72' என்பது போல ஒரு பெயர் இருக்கும். 9-வது குரோமோசோமில் பதிவான 72-வது மரபணுப் பகுதி என்பதைத் தவிர அதில் வேறு எந்தத் தகவலும் இல்லை. 'கேஐஏஏ' என்று தொடங்கும் பெயர்கள் ஜப்பானின் கசுசா டிஎன்ஏ ஆய்வு நிறுவனம் வரிசைப்படுத்தியபோது கொடுத்த சீரியல் நம்பர்கள். 'டிஎம்இஎம்' என்றால் செல் சவ்வில் குத்தி நிற்கும் புரதம். அங்கே நின்று என்ன செய்கிறது? அது பெயரில் இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் ஏன் இவற்றைத் தொடுவதில்லை? காரணம் அறிவியலைவிட மனுஷ சுபாவம்தான். புரத ஆய்வுகளில் முக்கால்வாசி, ஜீனோம் படிக்கப்படும் முன்பே தெரிந்திருந்த 10 சதவீதப் புரதங்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன என்று 2011-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரை கணக்குப் போட்டுக் காட்டியது. புற்றுநோயோடு தொடர்புடைய பி53 மாதிரி ஸ்டார் புரதம் என்றால் நிதி கிடைக்கும், கட்டுரை வரும், வேலையும் கிடைக்கும். யாருக்கும் தெரியாத புரதத்தை எடுத்தால் ஐந்து வருஷம் கழித்துக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க நேரலாம்.

சரி, தெரியாதவை எல்லாம் முக்கியமில்லாதவையா? பிரிட்டன் ஆய்வாளர்கள் 2023-ல் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மனிதருக்கும் பழ ஈக்கும் பொதுவாக உள்ள, வேலை தெரியாத 260 மரபணுக்களை எடுத்து, ஈக்களில் ஒவ்வொன்றாக அடக்கினார்கள். சுமார் நான்கில் ஒன்றை அடக்கியபோது ஈ பிழைக்கவில்லை. (இந்த 'அன்னோம்' ஆய்வை எழுதியவர்களில் ஒருவரின் பெயரில் 'ஆற்காடு' இருக்கிறது என்பது நமக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறது. காரணம் தெரியவில்லை. டாக்டர் எக்ஸோம் டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறார். புரதம் தயாரிக்கும் மரபணுப் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் டெஸ்ட் அது. ரிப்போர்ட் வருகிறது: இன்ன மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால், அதன் முக்கியத்துவம் தெளிவில்லை.

பெற்றோருக்கு அந்த ஒரு வரி எந்தப் பதிலும் தருவதில்லை. நோய்க்குக் காரணம் இதுதானா? அடுத்த குழந்தைக்கும் வருமா? அந்த மரபணுவின் வேலையே உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றால் டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் சொந்தத்தில் மணமுடித்தவர்கள். மாமன் மகன், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் கல்யாணம் நடக்கும்போது, ஒரே பழுதான மரபணுப் பிரதி அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அரிதான நோய்கள் சில வெளியே தெரிய வருவது இப்படித்தான்.

இன்னொரு பக்கம், 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நல்ல விஷயம்தான். ஆனால், மாற்றங்களின் பட்டியல் எவ்வளவு நீண்டாலும், மாற்றம் ஏற்பட்ட புரதம் என்ன செய்கிறது என்று தெரியாதவரை அந்த ரிப்போர்ட்டின் வரி மாறாது.

லேப் இல்லாமல் எப்படிக் கணிக்கிறார்கள்?

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஓர் எழுத்து கொடுத்தால், புரதம் ஒரு நீளமான வார்த்தை ஆகிவிடும். தெரியாத வார்த்தையை டேட்டாபேஸில் போட்டு, இதே ஜாடையில் வேறு எது இருக்கிறது என்று தேடலாம். 1990-ல் வந்த பிளாஸ்ட் என்ற மென்பொருள் செய்வது இதைத்தான். இரண்டு புரதங்களின் எழுத்துகள் ஓரளவு ஒத்துப்போனாலே, ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று நம்பலாம். ஒற்றுமை 30 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அந்திநேரத்து வெளிச்சம் மாதிரி. உருவம் தெரியும், முகம் தெரியாது. அங்கே, ஒரு குடும்பம் முழுவதையும் சேர்த்துவைத்துப் பொதுச் சாயலைத் தேடும் நுட்பமான முறைகள் தேவைப்படும்.

இரண்டாவது, வடிவம். மாலை சும்மா தொங்குவதில்லை. மடிந்து ஒரு உருவம் எடுக்கும். எப்படி மடிய முடியும், எப்படி முடியாது என்பதற்கான வரைபடத்தை 1963-ல் வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும். இன்றைக்கும் ஒரு புரத மாடல் உருப்படியானதா என்று பார்க்க உலகம் முழுக்க 'ராமச்சந்திரன் பிளாட்' போட்டுத்தான் பார்க்கிறார்கள். 2021-ல் ஆல்பாஃபோல்ட் செயற்கை நுண்ணறிவு கிட்டத்தட்ட எல்லா மனிதப் புரதங்களுக்கும் வடிவத்தைக் கணித்துப் பொதுவில் வைத்தது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதப் புரதக் கணிப்பில் நம்பிக்கையோடு சொல்லப்பட்டவை 58 சதவீத அமினோ அமில இடங்கள் மட்டுமே. மீதி இடங்களில் படத்தில் தெரியும் நூல்கண்டு, பல நேரம் நிஜ வடிவமே கிடையாது.

மூன்றாவது, சகவாசம். எந்தத் திசுவில் அந்தப் புரதம் இருக்கிறது என்று ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் சொல்லும். எந்தப் புரதங்களோடு கூட்டுச் சேர்கிறது என்று ஸ்டிரிங் டேட்டாபேஸ் சொல்லும். விந்தணுவின் வால் பகுதியில் மட்டும் தென்படும் ஒரு புரதம், வாலை அசைக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டும் இருந்தால், அதன் வேலை என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

சரியாக அடித்த கணிப்பு

லேப்டாப்பில் உட்கார்ந்து சொன்ன ஊகம் ஒரு துறையையே மாற்றியதற்கு உதாரணம் உண்டு. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணியில் ஜேபிபி என்ற புரதங்கள் இருக்கின்றன. டிஎன்ஏவின் ஓர் எழுத்தை வேதியியல் ரீதியாக மாற்றுவது அவற்றின் வேலை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் இருக்கும் எல்.அரவிந்த், லட்சுமிநாராயண் ஐயர் இருவரும் இந்த ஒட்டுண்ணிப் புரதத்தின் சாயலை டேட்டாபேஸ்களில் தேடினார்கள். வந்து விழுந்தவற்றில் மூன்று மனிதப் புரதங்கள் இருந்தன: டெட்1, டெட்2, டெட்3.

டெட்1 பற்றி அதுவரை தெரிந்ததெல்லாம், சில ரத்தப் புற்றுநோயாளிகளிடம் 10, 11-வது குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டும்போது அதுவும் சேர்ந்து உடைகிறது என்பதுதான். அதன் வேலை தெரியாது. 'ஒட்டுண்ணியின் புரதம் மாதிரியே இதுவும் டிஎன்ஏவில் கைவைக்கும் என்சைமாக இருக்கலாம்' என்பது கணிப்பு. அஞ்சனா ராவின் ஆய்வகம் அதைச் சோதித்தது. 2009-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. டெட்1, டிஎன்ஏ மீது ஒட்டியிருக்கும் மெத்தில் குறியை மாற்றுகிறது! மரபணுவை 'ஆஃப்' செய்யும் குறிகள் எப்படி நீங்குகின்றன என்று பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கதவு திறந்தது. ரத்தப் புற்றுநோய்களில் டெட்2 பழுதாவதும் அதே ஆண்டில் வெளியானது.

இங்கே முக்கியம் எது என்றால், கணித்தவர்களும் சோதித்தவர்களும் ஒன்றாக வேலை செய்தார்கள் என்பதுதான்.

பாதி சரி, பாதி தலைகீழ்

இப்போது மறுபடியும் சி9ஓஆர்எஃப்72. தசைகளை இயக்கும் நரம்புகள் கருகிப்போகும் ஏஎல்எஸ் நோய், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியா இரண்டுக்கும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அதிகமாகக் காணப்படும் மரபணுக் காரணம் இந்த மரபணுவில்தான் இருக்கிறது என்று 2011-ல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. ஆறு எழுத்துத் துண்டு ஒன்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. நோயாளிகளிடம் அது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட நீள்கிறது. உலகமே திரும்பிப் பார்த்தது. 'சரி, அந்தப் புரதம் என்ன செய்யும்?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு குழுக்கள் தனித்தனியாக டேட்டாபேஸ் வழியாகவே ஒரு பதிலைச் சொல்லின. ஒரு குழுவில் மேலே சொன்ன அதே ஐயரும் அரவிந்தும் இருந்தார்கள். 'இது டென் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் வழக்கமான வேலை, செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்தை நடத்தும் ஸ்விட்ச் புரதங்களை ஆன் செய்வது. இதுவும் அதையே செய்யலாம்' என்பது ஊகம்.

2020-ல் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் நிஜ வடிவமே தெரிந்தது. குடும்பம் சரி. வடிவமும் சரி. ஆனால் வேலை? அந்தப் புரதம் தனியாக வேலை செய்வதில்லை. இன்னும் இரண்டு புரதங்களோடு கூட்டணி வைத்திருக்கிறது. சோதனைக்குழாயில் பார்த்தபோது, அந்தக் கூட்டணி ஸ்விட்சை ஆஃப் செய்ய உதவுவது தெரிந்தது. ஆன் என்று நினைத்தது ஆஃப்!

இதைத் தோல்வி என்று சொன்னால் அநியாயம். எங்கே தேட வேண்டும் என்று அந்தக் கணிப்புதான் வழி காட்டியது. ஆனால், யாராவது 2013-லேயே 'சி9ஓஆர்எஃப்72-ன் வேலை ஸ்விட்சை ஆன் செய்வது' என்று உறுதியாக டேட்டாபேஸில் எழுதி, அதை இன்னும் பத்துப் பேர் காப்பி செய்து, அதை நம்பி ஒரு மருந்து நிறுவனம் வேலையைத் தொடங்கியிருந்தால்?

காப்பி, பேஸ்ட், பிழை

இது சும்மா கற்பனை பயம் இல்லை. டேட்டாபேஸ்களில் பெரும்பாலான பதிவுகளை எழுதுவது மனிதர்கள் அல்ல, மென்பொருள்கள். 'அ' மாதிரி 'ஆ' இருக்கிறது, எனவே 'அ'-வின் வேலைதான் 'ஆ'-வுக்கும். அப்புறம் 'ஆ' மாதிரி 'இ'. முதல் பதிவிலேயே தப்பு இருந்தால் தப்பும் சேர்ந்து பயணிக்கும். வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரிதான். எங்கே தொடங்கியது என்று கடைசி ஆளுக்குத் தெரியாது.

2009-ல் ஓர் ஆய்வு 37 என்சைம் குடும்பங்களை எடுத்து இதை அளந்தது. மனிதர்கள் படித்துச் சரிபார்க்கும் சுவிஸ்-புரோட்டில் பிழை கிட்டத்தட்ட பூஜ்யம். மென்பொருளை நம்பிய மற்ற பெரிய டேட்டாபேஸ்களில், ஆராயப்பட்ட பெருங்குடும்பங்களில் சராசரிப் பிழை 5 முதல் 63 சதவீதம் வரை இருந்தது. ஆகவே யூனிபுரோட் தளத்தில் ஒரு புரதத்தைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, சரிபார்க்கப்பட்டது என்ற தங்க நிறக் குறி இருக்கிறதா என்றுதான். வேலையைப் பற்றிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆதாரம் என்ன என்றும் குறித்திருப்பார்கள்: சோதனையா, ஒப்பீடா, மென்பொருள் ஊகமா? பலர் அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்புவதில்லை.

டாக்கிங் போதும்

நம்ம ஊர் பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் புராஜெக்டுகளில் ஒரு டெம்ப்ளேட் உண்டு. ஒரு மூலிகை. கொல்லிமலை மூலிகை என்றால் இன்னும் விசேஷம். அதில் இருப்பதாகப் புத்தகத்தில் உள்ள நான்கு வேதிப்பொருள்கள். உலகமே அலசி முடித்த ஒரு புற்றுநோய்ப் புரதம் அல்லது சர்க்கரை நோய்ப் புரதம். இரண்டையும் கணினியில் பொருத்திப் பார்த்தால் ஒரு எண் வரும். 'நன்றாக ஒட்டுகிறது, எதிர்காலத்தில் மருந்தாகலாம்' என்று முடிவுரை. பைண்டிங், வைவா, முடிந்தது. அடுத்த வருஷம் ஜூனியர் வேறொரு மூலிகையை எடுப்பார்.

டாக்கிங் தப்பான முறை இல்லை. அதைத் தொடர்ந்து சோதனை நடக்கும் இடங்களில் அது நல்ல கருவி. ஆனால், சோதனைக்குப் போகவே போகாத ஆயிரக்கணக்கான எண்களால் யாருக்கு என்ன பயன்? அதே ஆறு மாதத்தை, அதே லேப்டாப்பை, வேலை தெரியாத ஒரு மனிதப் புரதத்துக்குக் கொடுத்தால் என்ன?

நடக்காத காரியம் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில், மனிதப் புரதங்களுக்கான நெக்ஸ்ட்புரோட் டேட்டாபேஸைக் கவனித்துவந்த குழு இதைச் செய்து காட்டி, 'ஃபங்ஷனத்தான்' என்ற பெயரில் 2021-ல் வழிமுறையையும் வெளியிட்டது. இளநிலை மாணவர்கள் வேலை தெரியாத புரதங்களை எடுத்து, டேட்டாபேஸ்களையும் பழைய கட்டுரைகளையும் கையால் துழாவி, ஆதாரத்தோடு ஊகங்களை எழுதினார்கள். ஒருவர் கையிலும் பைப்பெட் இல்லை. ஐடி வேலையில் இருப்பவர்களுக்கும் இதில் இடம் உண்டு. புரதங்களின் வேலையைக் கணிக்கும் காஃபா என்ற சர்வதேசப் போட்டி 2023-ல் காகில் தளத்திலேயே நடந்தது.

'ஊகங்களை மட்டும் குவித்து என்ன செய்ய? சோதிக்க ஆள் வேண்டாமா?' என்று ஒரு பேராசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. டெட் கதையில் அஞ்சனா ராவின் ஆய்வகம் இல்லையென்றால் அந்த ஊகமும் ஒரு கட்டுரையாகவே நின்றிருக்கும். ஆகவே பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது மாணவரைத் தேடவைப்பதோடு முடிவதில்லை. காரைக்குடி அழகப்பா, கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் என்று பயோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் சொல்லித்தரும் அரசுப் பல்கலைக்கழகங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே என்சிபிஎஸ் வளாகத்தில் பழ ஈ ஆய்வுக்கென்றே ஒரு வசதி மையம் இருக்கிறது. ஒரு வருஷத்தில் வரும் ஊகங்களில் தேறிய ஐந்தாறை மட்டும் வடிகட்டி, சோதிக்கத் தயாராக இருக்கும் ஆய்வகத்தின் மேசைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் புராஜெக்ட் தலைப்பை மட்டும் மாற்றினால், டாக்கிங் போய் இன்னொரு டெம்ப்ளேட் வரும். அவ்வளவுதான்.

மாணவர் எழுதும் ரிப்போர்ட்டும் மாற வேண்டும். எந்தத் தேதியில் எந்த டேட்டாபேஸில் தேடினார், ஒற்றுமை எத்தனை சதவீதம், ஆல்பாஃபோல்ட் படத்தில் நம்பிக்கை குறைந்த பகுதி எது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, 'என் ஊகம் தப்பு என்று எந்தச் சோதனை நிரூபிக்கும்?' என்பதற்கு ஒரு வரி வேண்டும். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் ஊகம் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. 'இன்னின்ன இடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை' என்று எழுதும் மாணவருக்கும் முழு மார்க் போட வேண்டும். இப்போதைய வைவாக்களில் அதற்கு மார்க் விழுமா என்பது வேறு கதை.

சி9ஓஆர்எஃப்72-க்கு இன்றும் அதே அட்ரஸ்தான் பெயர். பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அதன் விளக்கத்தில் மட்டும் கை வைத்திருக்கிறது. 'இன்னதை ஆன் செய்வது', 'இன்னதை ஆஃப் செய்வது' என்று எதுவும் எழுதவில்லை. இன்ன கூட்டணியில் ஓர் உறுப்பு என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டிருக்கிறது.